பூட்டிக்கிடந்த பப்பும் நம்மூரு படிப்பகமும்

அல்லாருக்கும் வணக்கமுங்க. மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், மழை வர்ற மாதிரி இருந்தும் சேர் எல்லாம் நெறஞ்சு உக்காந்திருக்கற தாய்மார்களுக்கும் வணக்கம்.

நோட்டீஸ்ல தலைப்ப பாத்துட்டு காலைலயே ரெண்டு பேரு போன் பண்ணிட்டாங்க. "ஏனுங்ண்ணா, வாசகர் வட்டத்து ஆண்டு விழால போயி சாராயக்கடைய பத்தி பேசறீங்களாமா"ன்னு. அவங்க கேட்டதுல தப்பே இல்லீங்க. நம்ம சீமை அப்படிப்பட்ட சீமை. 1921ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல் நடந்தப்ப நாகம்மையாரும் கண்ணம்மாளும் வீதில எறங்கி நின்னாங்க, பெரியார் தன்னோட தோப்புல இருந்த தென்னமரங்கள வெட்டி சாச்சாரு. ராஜாஜி திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல 1925ல ஆசிரமம் ஆரம்பிச்சு மதுவிலக்குக்குன்னே அங்கிருந்து பத்திரிக்கை போட்டாரு, அப்பறம் அவரு முதல்மந்திரியானதும் 1937 அக்டோபர் 1ந் தேதி மொதமொதல்ல மதுவிலக்கு வந்த ஜில்லா நம்ம சேலம் ஜில்லா. எங்க அப்பத்தா இருந்தவரைக்கும் குடிச்சுட்டு வந்தவனுக்கு எங்கூட்டு திண்ணையில தண்ணி கோட குடுத்ததில்ல, அவங்க கூடப்பொறந்த அண்ணன் ஒருத்தரு அதுலயே போயி சேந்தாருங்கறதால. நானும் இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்லீங்க. அதனால இன்னிக்கு பேச வந்தது குடிய பத்தி இல்ல, இங்கிலாந்துல பப்புன்னு சொல்ற குடிக்கற கடை ஒண்ணோட கட்டடத்த பத்தி. இடிஞ்சு போயிரும்னு எல்லாரும் நெனச்ச ஒரு கட்டடம் எப்படி திரும்பி வந்துச்சுங்கறத பத்தி.

போன வருசம் மகளும் மாப்பிள்ளையும் இருக்கற மான்செஸ்டருக்கு போயிருந்தேன். கோயமுத்தூர தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு வளந்த ஆளுங்க நாம, அசல் மான்செஸ்டர் எப்படி இருக்கும்னு பாக்காம விட்டா எப்படி. மக என்னைய ஆன்கோட்ஸ்னு ஒரு ஏரியாவுக்கு கூட்டிட்டு போனா. உலகத்துலயே மொதல்ல மில்லுகளுக்குன்னே உருவான புறநகர்னு அத சொல்றாங்க. மர்ரேஸ் மில் 1798ல ஆரம்பிச்சு கட்டுனது, செங்கல்லுல எட்டு மாடி, பக்கத்துலயே ரோச்டேல் கால்வாய் ஓடுது. அந்த செவத்துக்கு கீழ நின்னு மேல அண்ணாந்து பாத்தப்ப எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துருச்சுங்க. எங்கப்பா பீளமேட்டுல ஒரு மில்லுல ரிங் பிரேம்ங்கற நூல் நூக்கற மிஷின்ல இருபத்தெட்டு வருசம் வேலை, மூணாம் ஷிப்ட் முடிச்சு வந்தா தலைமுடி புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையா இருக்கும், அம்மா வாசல்லயே நிறுத்தி தொவைக்கற துண்டால தட்டி விட்டுத்தான் உள்ள விடுவாங்க. நூல் அறுந்து போகக்கூடாதுன்னு உள்ள எப்பவும் சூடும் ஈரமுமா வச்சிருப்பாங்க, அந்த புழுக்கம் இங்கயும் அதே, அங்கயும் அதே.

இன்னொன்னும் சொல்லோணும். 1861ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்து பஞ்சு வர்றது நின்னப்ப மான்செஸ்டர சுத்தி இருக்கற இந்த லங்காஷயர் மில்லெல்லாம் சங்கு ஊதாம கிடந்துச்சு, ஆயிரக்கணக்குல குடும்பங்க கஞ்சிக்கு வரிசைல நின்னாங்க, அதுக்கு பஞ்சுப் பஞ்சம்னே பேரு. அப்பத்தான் இந்தியப் பருத்திக்கு அங்க அவ்ளோ கிராக்கி வந்துச்சு. 1888ல நம்மூருல ஸ்டேன்ஸ் துரை மில்லு ஆரம்பிச்சது, 1930கள்ல பைக்காரா கரண்டு வந்து மில்லு மேல மில்லா முளைச்சது எல்லாம் அதுக்கு அப்பறம் நடந்த கதை.

சரி, தலைப்புல இருக்கற அந்த பப்புக்கு வர்றேன். பேரு கிரவுன் அண்ட் கெட்டில். மகுடமும் கெண்டியும்னு வெச்சுக்கங்களேன். கிரேட் ஆன்கோட்ஸ் ஸ்ட்ரீட்டும் ஓல்டாம் ரோடும் சேர்ற முக்குல நிக்குது. எதுத்தாப்பல கருப்புக் கண்ணாடியா பளபளன்னு ஒரு கட்டடம், அது 1939ல முடிச்ச டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிக்கை ஆபீஸ், அந்த பத்திரிக்கைக்காரங்க எல்லாம் வேலை முடிச்சு நடுராத்திரி வந்து உக்காந்த எடம் இந்த பப்பு. அதுக்கும் முன்னால மில்லுக்காரங்க உக்காந்த எடம். 1990 வாக்குல கால்பந்து மேட்ச் பாத்துட்டு வந்த கும்பலு உள்ள பூந்து அடிச்சு நொறுக்குனதுல மூடுனதா சொல்றாங்க, நடுவுல தீயும் புடிச்சிருக்கு. அப்படியே பூட்டிக்கிடந்து 2005ல தான் மறுபடி திறந்திருக்காங்க. பதினஞ்சு வருசங்க! நம்மூர்ல பதினஞ்சு வருசம் ஒரு கட்டடம் பூட்டிக்கிடந்தா என்னாகும்னு உங்களுக்கே தெரியும், மொதல்ல அரசமரம் செவத்துல முளைக்கும், அப்பறம் ஓடு போகும், கதவு நெலவு போகும், ஒருநாள் காலைல ஜேசிபி வந்து நிக்கும்.

உள்ள போறதுக்கு எனக்கு கூச்சமாத்தான் இருந்துச்சு. மக "அப்பா, இங்க எலுமிச்ச சோடாவும் குடுப்பாங்க வாங்க"ன்னு கையப் புடிச்சு கூட்டிட்டு போனா. உள்ள கால வச்சு மேல பாத்தா, அட அந்த சீலிங் இருக்கே. எவ்ளோ உசரம். சுண்ணாம்புக் காரையில பூவும் கொடியுமா, விசிறி விரிச்ச மாதிரி, நடுநடுவுல கீழ தொங்கற தொங்கல் வேற. எனக்கு ஒடனே தோணுனது நம்ம பேரூர் கோயில் கனகசபை மண்டபந்தான். அங்க மேல தாமரையும் கல்லுச் சங்கிலியும் தொங்கும் பாருங்க, அத அண்ணாந்து பாத்து கழுத்து வலிக்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. அது சாமிக்கு செஞ்சது, சரி. இது மில்லுல பஞ்சு தின்னுட்டு வர்ற கூலிக்காரன் சித்த நேரம் உக்கார்ற எடங்க. அவன் தலைக்கு மேல இம்புட்டு அழகு இருக்கட்டும்னு ஒரு கொத்தனாரு வேலை செஞ்சிருக்கானே, அத நெனச்சு எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பக்கத்து டேபிள்ல ஒரு பெரியவர், எம்பது வயசு இருக்கும், தனியா உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. மக பேச்சுக் குடுத்தா. அவங்கம்மா இங்க மில்லுல வேலை பாத்தவங்களாம். மில்லு சத்தத்துல காது கேக்காதுன்னு உதட்டசைவுலயே பேசிக்குவாங்களாம், ஊட்டுக்கு வந்தும் அப்படியேதான் பேசுவாங்களாம். எங்கப்பா ஊட்லயும் கத்திக் கத்தித்தான் பேசுவாரு, அதுக்கும் இதே காரணந்தான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அந்தப் பக்கத்து மில்லெல்லாம் இன்னிக்கு அடுக்குமாடி குடியிருப்பா மாறிருச்சு, அங்க வாடகை குடுத்து அவரால இருக்க முடியாது. ஆனா இந்த ஒரு எடத்துக்கு அவரு இன்னும் பஸ்ஸேறி வந்து உக்கார முடியுது பாருங்க.

பப்புங்கறதே பப்ளிக் ஹவுஸ், பொதுவீடுன்னு அர்த்தம். நமக்கு அது எதுன்னு யோசிச்சேன். நம்மூரு பேக்கரி தாங்க! வெளியூர்க்காரங்களுக்கு பேக்கரின்னா ரொட்டி வாங்கற கடை, நமக்கு அப்படியா? கல்யாணப் பேச்சு, காட்டு வெலை, மில்லு போனஸ், தேர்தல் கணக்கு எல்லாம் ஒரு டீயையும் தேங்கா பன்னையும் வச்சுக்கிட்டு பேசற எடம். அந்த வேலையத்தான் அங்க பப்பு செய்யுது. குடிய எடுத்துட்டு பாத்தீங்கன்னா மிச்சம் இருக்கறது மனுசங்க சேந்து உக்கார்றதுதான்.

இது எப்படி இடியாம தப்பிச்சுச்சுன்னு நான் விசாரிச்சேன். அங்க பழைய கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் இருக்குதுங்க. 1947லயே அதுக்கு சட்டம் போட்டுட்டாங்க. அந்தப் பட்டியல்ல ஏறிட்டா ஓனரே ஆனாலும் அனுமதி இல்லாம இடிச்சா அது கிரிமினல் குத்தம். கிரவுன் அண்ட் கெட்டில் அந்தப் பட்டியல்ல இரண்டாம் கிரேடு. கோயிலும் கோட்டையும் மட்டும் இல்ல, கூலிக்காரன் உக்காந்த கடையும் அதுல இருக்கு. நம்ம தமிழ்நாட்டுலயும் ஹெரிடேஜ் கமிஷனுக்குன்னு 2012ல சட்டம் போட்டாச்சு, அது நடைமுறைக்கு வர்றதுக்கே பத்து வருசத்துக்கு மேல ஆயிருச்சு. அந்தப் பத்து வருசத்துல எத்தனை தொட்டிக்கட்டு வீடு போச்சுன்னு நீங்களே உங்க வீதில எண்ணிப் பாருங்க.

ஆனா சட்டம் மட்டும் பத்தாதுங்க, அதத்தான் நான் இன்னிக்கு முக்கியமா சொல்ல வந்தது. திரும்பி வர்றப்ப லண்டன்ல ரெண்டு நாள் இருந்தோம், அங்க கார்ல்டன் டேவர்ன்னு இன்னொரு பப்பு, அதையும் போயி பாத்தேன். 1920, 21ல கட்டுனது. அத வாங்குன கம்பெனி இடிச்சுட்டு ஃப்ளாட் கட்ட அனுமதி கேட்டுச்சு, கெடைக்கல. ஊர்க்காரங்களுக்கு இவங்க என்னமோ பண்ணப் போறாங்கன்னு சந்தேகம் வந்துருச்சு. அத பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல சேக்கச் சொல்லி மனு போட்டாங்க, அதனால கட்டடம் எப்படி இருந்துச்சுன்னு முழுசா பதிவு ஆச்சு, பதிச்சிருந்த ஓடுகளுக்கு பிளாஸ்டர்ல அச்சும் எடுத்து வச்சாச்சு. பட்டியல்ல ஏறப்போகுதுன்னு தெரிஞ்ச நேரத்துல, 2015 ஏப்ரல்ல, புல்டோசர் வந்து இடிச்சுருச்சு. சொல்லாம கொள்ளாம.

நம்மூரா இருந்தா கதை அங்க முடிஞ்சிருக்கும். அங்க வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், அதாவது அந்தப் பகுதி மாநகராட்சி, என்ன உத்தரவு போட்டுச்சு தெரியுங்களா, அப்படியே திரும்பக் கட்டு, செங்கல்லுக்கு செங்கல்லு முன்ன இருந்த மாதிரியே கட்டுன்னு! கம்பெனி அப்பீலுக்கு போச்சு, தோத்துச்சு. கட்டுனாங்க. 2021 ஏப்ரல்ல, கொரோனா ஊரடங்கு தளர்த்துன அதே நேரத்துல, கதவத் திறந்தாங்க. நான் அந்த செவத்த தடவிப் பாத்தேன். இடிபாட்டுல இருந்து பொறுக்கி எடுத்த பழைய செங்கல்லும் புதுசும் கலந்து நிக்குது. அந்த உத்தரவ நிறைவேத்த முடிஞ்சதுக்கு காரணம் என்னங்க? எப்படி இருந்துச்சுன்னு யாருகிட்டயோ பதிவு இருந்துச்சு. அச்சு இருந்துச்சு, போட்டோ இருந்துச்சு. அது இல்லீன்னா எந்த கோர்ட்டு சொன்னாலும் எத வச்சு கட்டுவீங்க?

லண்டன்லயே நன்ஹெட்டுன்னு ஒரு பக்கம் ஐவி ஹவுஸ்னு ஒரு பப்பு, விக்கப் போறாங்கன்னதும் ஊர்க்காரங்க 371 பேரு பங்கு போட்டு 2013ல அவங்களே ஓனராயிட்டாங்க. நம்ம ஊர்ல பால் சொசைட்டி, நூல் சொசைட்டி நடத்துன ஆளுங்களுக்கு இது புது விசயமே இல்ல.

இப்ப நம்ம பக்கம் பாக்கலாம். சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ், 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது, நூத்துக்கு மேல படம் எடுத்த எடம், இன்னிக்கு ஏற்காடு ரோட்டுல வாசல் வளைவு மட்டும் நிக்குது. உள்ள எந்த ஷூட்டிங் ஃப்ளோர் எங்க இருந்துச்சுன்னு அளந்து வச்ச ஒரு வரைபடம் வேணும்னா இப்ப எங்க போறது? கோயமுத்தூர்ல 1914ல சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டுன வெரைட்டி ஹால், தென்னிந்தியாவுல ஆரம்ப காலத்து நிரந்தர சினிமா கொட்டாய்கள்ல ஒண்ணு, ரோட்டுக்கே அந்தப் பேரு வந்துருச்சு, ஆனா அது மொதல்ல உள்ள எப்படி இருந்துச்சுன்னு சொல்ற ஆளுங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. எங்கப்பா வேலை பாத்த மில்லு இப்ப காலி மைதானம். கேட்டு கோட இல்ல. எங்கப்பா கடைசி காலத்துல பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்னு மொகத்த திருப்பிக்குவாரு, அத பாத்தவன் நான்.

அதனாலதான் இன்னிக்கு இத பேசறேன். நம்ம ஏரியா மில்லு வீதி முக்குல அந்த படிப்பகம் இருக்குதுங்களே, தொழிலாளிங்க சம்பளத்துல இருந்து மாசம் கொஞ்சம் கொஞ்சம் போட்டு கட்டுனது, மங்களூர் ஓடு, சிவப்புக் காவி போட்ட தரை, வெளிய ரெண்டு திண்ணை. நான் எழுத்துக்கூட்டி பேப்பர் படிக்க கத்துக்கிட்டதே அந்தத் திண்ணையில, எங்கப்பா மடியில உக்காந்து. இருபது வருசத்துக்கு மேல பூட்டிக்கிடக்குது. பின்னால ஓடு சரிஞ்சு போச்சு. யாருக்குச் சொந்தம்னு ஒரு வழக்கு நடக்குது, அது முடியறப்ப முடியட்டும், அதுல நாம தலையிட முடியாது. ஆனா வெளிய நின்னு அளக்கறதுக்கு யாரு அனுமதியும் வேண்டாமுங்க. உள்ள போறதுக்கு சாவி வச்சிருக்கறவங்ககிட்ட நேத்து நம்ம செயலாளர் பேசிட்டாரு, ரெண்டு மணி நேரம் திறந்து விடறேன்னு சொல்லியிருக்காங்க.

உங்க ஊட்டு ட்ரங்குப் பொட்டில பழைய போட்டோ இருக்கும், தேடிப் பாருங்க. கல்யாண ஊர்வலம், நோம்பி, மே தின ஊர்வலம், எதுலயாச்சும் பின்னால அந்தக் கட்டடம் தெரியும். அந்த முன்வாசல் தூணு மேல என்ன பூ வேலை இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல, இப்ப ஒடஞ்சு போச்சு, உங்க போட்டோல ஒண்ணுலதான் அது இருக்கோணும். போட்டோவ குடுக்க வேண்டாம், கொண்டாந்து காட்டுனீங்கன்னா எங்க பசங்க செல்போன்ல எடுத்துக்கிட்டு அங்கயே திருப்பிக் குடுத்துருவாங்க. அங்க வேலை பாத்த, அங்க படிச்ச பெரியவங்க நடக்க முடியலைன்னா சொல்லுங்க, ஆட்டோ அனுப்பறோம், எந்த மூலைல எந்த பீரோ இருந்துச்சு, ரேடியோ எங்க இருந்துச்சுன்னு அவங்க நின்னு காட்டுனாத்தான் எங்களுக்குத் தெரியும்.

வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிங்க, வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சுரலாம். அம்பது மீட்டர் டேப்பு ஒண்ணு நான் கொண்டாறேன், பாலிடெக்னிக் படிக்கற பசங்க நாலு பேரு படம் வரைய வர்றாங்க. ஏணி யாருகிட்டயாச்சும் இருந்தா கொண்டாங்க, ஓட்டுக்கு கீழ இருக்கற மரச்சட்டத்த அளக்கறதுக்கு பன்னெண்டு அடியாச்சும் வேணும்.