பூட்டு கேட்டவர்களும் சாவி வைத்திருந்தவரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இணையம் வந்து இசை நிறுவனங்களைக் கெடுத்தது என்பது பொதுவான பேச்சு. திருட்டுப் பதிவிறக்கத்தால் அவை பெருத்த இழப்பைச் சந்தித்தது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இணைய விற்பனையின் பிடி அவற்றின் கையைவிட்டுப் போனதற்கு, அவை தாமே வற்புறுத்திப் பெற்ற ஒரு நிபந்தனைதான் காரணம் என்பேன்.

இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள உதவிய நாப்ஸ்டர் சேவையை வழக்காடி 2001-இல் முடக்கிய இசைப் பெருநிறுவனங்கள், அவ்வாண்டின் இறுதியில் சொந்தக் கடைகளைத் திறந்தன: சோனியும் யுனிவர்சலும் சேர்ந்து பிரஸ்ப்ளே, வார்னர், பிஎம்ஜி, இஎம்ஐ மூன்றும் ரியல்நெட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்துடன் கூடி மியூசிக்நெட். மாதச் சந்தா கட்டி மியூசிக்நெட்டில் இறக்கிய பாட்டைத் தொடக்கத்தில் குறுந்தகட்டில் பதியவும் முடியாது, கையடக்கக் கருவிக்கு மாற்றவும் முடியாது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். சோனியின் பாடகரைக் கேட்க வேண்டுமானால் அடுத்த கடைக்குப் போய் அங்கும் சந்தா கட்ட வேண்டும். காசு கொடுப்பவருக்கு இத்தனை தொல்லை, திருடுபவருக்கு ஒன்றுமில்லை என்றால் யார் வாங்குவார்கள்?

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் விற்றன. நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு இல்லாமல் பாடல்களைத் தர முடியாது என்று இசை நிறுவனங்கள் பிடிவாதமாக நின்றன, ஆப்பிளும் பூட்டியது. அந்தப் பூட்டின் உரிமத்தைப் போட்டியாளர்களுக்குத் தர மறுத்ததால், மற்றக் கடைகள் பூட்டி விற்ற பாடல்கள் ஆப்பிளின் கையடக்க இசைக்கருவியான ஐபாடில் ஒலிக்கவில்லை. ஐபாட் பெருகப் பெருக, நிறுவனங்களுக்குப் போக்கிடம் குறைந்தது. புதுப் பாடல்களுக்குக் கூடுதல் விலை வேண்டும் என்று 2005-இல் அவை கேட்டபோது, அது பேராசை என்று ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மறுத்துவிட்டார்.

2007 பிப்ரவரியில் அவரே ஒரு கணக்கையும் வெளியிட்டார். முந்தைய ஆண்டில் இணையக் கடைகளில் பூட்டுடன் விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு; அதே நிறுவனங்கள் குறுந்தகடுகளில் பூட்டே இல்லாமல் விற்றவையோ 2,000 கோடிக்கும் மேல். வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சன்னலுக்குத் தாழிட்ட கதைதான். பூட்டால் லாபமடைந்தவர் வாயிலிருந்து இது வந்ததையும் கவனிக்க வேண்டும்.

ஏப்ரலில் இஎம்ஐ இறங்கி வந்து, பூட்டில்லாமல் விற்க ஒப்புக்கொண்டது. 2008 ஜனவரிக்குள் எஞ்சிய மூன்று பெருநிறுவனங்களும் (சோனியும் பிஎம்ஜியும் அதற்குள் ஒன்றாகியிருந்தன) பூட்டில்லாத பாடல்களை அமேசானுக்குக் கொடுத்தன. ஆப்பிளுக்கு மட்டும் கொடுக்காமல் நிறுத்திவைத்தன. 2009-இல் உடன்பாடு வந்தது: பூட்டு போயிற்று, 69, 99, 129 சென்ட் என மூன்று விலைகள் வந்தன. இதற்கிடையே 2008-இல் ஐரோப்பாவில், பாடல்களை இணையம் வழியே நேரடியாக ஒலிக்கச் செய்யும் ஸ்பாட்டிஃபை தொடங்கியபோது, பாடல் உரிமம் கொடுத்த பெருநிறுவனங்கள் பூட்டைப் பற்றிப் பேசியதோடு நிற்கவில்லை. அந்நிறுவனத்தின் பங்குகளையும் கேட்டு வாங்கிக்கொண்டன.