செடி எதற்காக மருந்து செய்கிறது?

அவையில் கூடியிருக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

திசு வளர்ப்பு என்றதும் வாழைக் கன்றும் ஆர்க்கிட் பூவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஒன்றிலிருந்து ஆயிரம் கன்றுகள். நான் இன்று பேச வந்தது கன்றுகளைப் பற்றி அல்ல. வேரும் தண்டும் இலையும் இல்லாமல், வெறும் செல்களைக் கலத்தில் வளர்த்து, அவற்றிடமிருந்து மருந்தைப் பெற முடியுமா என்பதைப் பற்றி. முடியும். ஆனால் எல்லாச் செடியிடமும் முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதில்தான் எனக்கு ஈடுபாடு.

1902இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹேபர்லாண்ட் இலைச் செல்களைத் தனியே பிரித்து ஊட்டக் கரைசலில் இட்டார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழுச் செடியாகும் ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. செல்கள் உயிரோடு இருந்தன, பருத்தன, ஆனால் ஒன்றுகூடப் பகுபடவில்லை. தாவர ஹார்மோன்களைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு தாவர ஹார்மோன்களில் ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தண்டு, இரண்டும் நடுநிலையில் நின்றால் உருவமற்ற காலஸ் திரள். 1962இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊடகம், அதாவது ஊட்டக் கலவை, இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கலக்கப்படுகிறது.

அதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது போலத் தோன்றியது. இலைத் துண்டை நுண்ணுயிர் நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் ஹார்மோனும் கலந்த அகார் கூழ் மீது வைத்தால் சில வாரங்களில் காலஸ் பொங்கி வரும். அதைத் திரவ ஊடகத்துக்கு மாற்றிக் குலுக்கினால் செல்கள் தனித்தனியாகவும் சிறு கொத்துகளாகவும் பெருகும். என் முதல் காலஸ் அப்படித்தான் செழித்து வளர்ந்தது. உலர்த்தி, சாறெடுத்து, சோதித்துப் பார்த்தேன். தேடிய பொருள் துளியும் இல்லை. அன்று மனம் மிகவும் சோர்ந்துபோனது.

தவறு செல்லிடம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நாம் மருந்து என்று அழைப்பது பெரும்பாலும் செடிக்கு உணவும் அல்ல, உடம்பும் அல்ல. பூச்சிக்கு நஞ்சு, பூஞ்சைக்குத் தடை, காயத்துக்குக் காப்பு. குடுவைக்குள் இருக்கும் காலஸுக்குப் பசியும் இல்லை, பகையும் இல்லை. வாயருகே சர்க்கரை. அது எதற்காக நஞ்சு காய்ச்ச வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் வென்றார்கள். ஜப்பானில் முராசாகி என்னும் செடி உண்டு. அதன் வேரில் சிகோனின் என்ற சிவந்த பொருள் இருக்கிறது. புண்ணுக்கு மருந்து, துணிக்குச் சாயம். வேர் முதிர ஆண்டுகள் ஆகும். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மமோரு தபாதா குழுவினர் அதன் செல்களை வளர்த்தபோது, ஒளியில் சிகோனின் உருவாவது தடைபட்டது; இருளில் செல்கள் சிவந்தன. வியப்பில்லை, அது மண்ணுக்கடியில் வேர் செய்யும் வேலை அல்லவா! நைட்ரஜன் ஊட்டத்தின் ஒரு வடிவமான அம்மோனியமும் அதற்குத் தடையாக இருந்தது. ஆகவே வழியை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் கலத்தில் செல்களை வளர்ப்பது மட்டும். பிறகு நைட்ரஜனை நைட்ரேட்டாக மட்டும் கொண்ட, தாமிரம் கூட்டப்பட்ட இன்னோர் ஊடகத்துக்கு மாற்றுவது. அங்கே வளர்ச்சி தணிந்து நிறம் ஏறும். வளரும் காலமும் சுரக்கும் காலமும் வேறு வேறு என்பதை நான் கற்றுக்கொண்டது இந்தக் கதையிலிருந்துதான். 1983இல் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் இதைத் தொழிலாகவே நடத்தியது. செல் வளர்ப்பிலிருந்து வணிக அளவில் கிடைத்த முதல் தாவரப் பொருள்களில் ஒன்று அது.

அடுத்தது யூ மரம். வட அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வால், வானி என்ற வேதியியலாளர்கள் இருவரும் பிரித்தெடுத்த பாக்ளிடாக்சலின் கட்டமைப்பு 1971இல் வெளிவந்தது. 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெதுவாக வளரும் மரம் அது. பட்டையை உரித்தால் செத்துப்போகும். ஒரு முழு மரத்தின் பட்டையில் கிடைப்பதோ ஏறத்தாழ ஒரு வேளை மருந்து. ஒருவர் பிழைக்கப் பல மரங்களைச் சாய்க்க வேண்டும் என்ற நிலையை நினைக்கவே எனக்கு மனம் கனக்கிறது.

யூ செல்களைப் பேச வைத்தது மெத்தில் ஜாஸ்மோனேட். மல்லிகை மணத்தில் கலந்திருக்கும் பொருள்தான். பூச்சி கடித்தாலோ இலை கிழிந்தாலோ செடி தனக்குள் அனுப்பும் அபாயச் செய்தியும் அந்த ஜாஸ்மோனேட் குடும்பம்தான். அதை ஊடகத்தில் சிறிது சேர்த்தால், குடுவையிலுள்ள செல்கள் தாக்கப்பட்டதாக நினைத்துப் பாக்ளிடாக்சலைப் பெருக்குகின்றன. இன்று பல்லாயிரம் லிட்டர் கலங்களில் இந்த உற்பத்தி நடக்கிறது. அந்தக் கலத்துக்குள் ஒரே ஒரு பாக்டீரியா நுழைந்தாலும் போதும், எல்லாம் பாழ். பாக்டீரியா அரை மணியில் இரட்டிக்கும். தாவரச் செல்லுக்கு நாள்கணக்கில் ஆகும்.

ஊமத்தை இனச் செடிகளின் ஹையோசயமின் என்ற மருந்துப் பொருள் வேறு வழியில் வசப்பட்டது. அது வேரில் மட்டுமே பிறக்கும். உருவமற்ற காலஸில் பெரும்பாலும் வராது. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவைக் காயத்தில் தடவினால் மயிர்போல அடர்ந்த வேர்கள் கிளைக்கும். ஹார்மோன் கொடுக்காமலே அவை ஊடகத்தில் வளரும், வேருக்குரிய வேலையையும் செய்யும்.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் நித்தியகல்யாணி இணங்கவில்லை. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் அதன் இலையில் உள்ளன. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். குடுவைச் செல்கள் அஜ்மாலிசின் என்ற வேறொரு பொருளைக் கொடுக்கும், வின்பிளாஸ்டினின் ஒரு பாதியான கதராந்தினும் கொடுக்கும். மறுபாதியான விண்டோலினைக் கொடுப்பதில்லை. இலையின் உள்ளே பார்த்தால் காரணம் தெரியும். நரம்பை ஒட்டிய செல்கள் வேலையைத் தொடங்குகின்றன, மேல்தோல் செல்கள் வாங்கித் தொடர்கின்றன, பால் செல்களும் அவற்றையொத்த தனிச் செல்களும் முடிக்கின்றன. ஒளியும் தேவை. ஒரே மாதிரியான செல்களின் திரளில் கைமாற்ற ஆள் ஏது? 2022இல் ஓர் ஆய்வுக் குழு 30க்கும் மேற்பட்ட தாவர மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து இரு பாதிகளையும் செய்து, பிறகு வேதிமுறையில் இணைத்துக் காட்டியது. அதுவும் இந்தக் கைமாற்றத்தின் ஒவ்வொரு படியும் செடியில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்ததால்தான் கைகூடியது.

என்னிடம் வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "ஐயா, எந்த ஊடகம் போடலாம்?" என்று. முதல் வாரம் ஊடகமே கலக்காதீர்கள். பிளேடை எடுத்து இலையையும் வேரையும் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது, இளம் இலையிலா முதிர்ந்ததிலா, நிழலில் கூடுகிறதா வெயிலிலா, பூச்சி கடித்த இலையில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், ஊடகத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.

நன்றி, வணக்கம்.