வீட்டு ரவுட்டரையே வாசலாக்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். அலைச்சல் முடிந்து ராத்திரி அறைக்குத் திரும்பியாயிற்று. போன வாரம் விட்டுப்போன தொடரைப் பார்க்கலாம் என்று போனை எடுக்கிறீர்கள். வீட்டில் பார்க்கிற அதே செயலி, அதே கணக்கு, அதே பாஸ்வேர்டு. நிகழ்ச்சிப் பட்டியல் ஒழுங்காக வருகிறது. ஆசையாகத் தொட்டால், ஒரு கறுப்புத் திரையும் ஒரே ஒரு வரியும்: 'இந்த நிகழ்ச்சி நீங்கள் இருக்கும் பகுதியில் கிடைக்காது.'

சந்தா கட்டுகிறோமே, இது என்ன நியாயம் என்று கோபம் வரும். ஆனால் அந்தத் தொலைக்காட்சி நிறுவனமே ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கிறது. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகத்தான் விற்கிறார்கள். ஒரே தொடர் இங்கே ஒருவருக்கு, பக்கத்து நாட்டில் இன்னொருவருக்கு. பின்னணியில் ஓடும் பாட்டுக்குத் தனி உரிமை. விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். செய்தி அறிக்கை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் கோல் அடித்த காட்சி வரும்போது மட்டும் திரையை மூடிவிடுவார்கள்.

சரி, நாம் வெளிநாட்டில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? முக்கியமாக ஐ.பி. முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்புக்குக் கொடுத்திருக்கும் எண்ணை வைத்து. நீங்கள் இணையத்தில் எங்கே போனாலும் அந்த எண் கூடவே போகும். இந்த எண் எந்த நாட்டுக்காரருடையது என்று சொல்லும் தகவல்தளங்களை விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சிச் சேவைகள் அவற்றைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கின்றன.

இந்தத் தகவல்தளங்கள் எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அமெரிக்காவில் இப்படி ஒரு தகவல்தளம், 'இந்த எண் அமெரிக்காவில் இருக்கிறது, அதற்கு மேல் எங்கே என்று தெரியாது' என்கிற முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைக் குறித்துவைத்தது. நடுப்புள்ளியைச் சரியாக எழுதினால் எண் நீளமாகப் போகிறதே என்று முழு எண்ணாக்கினார்கள்: அட்சம் 38, தீர்க்கம் 97. அந்த இடத்தில் கான்சஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அந்த ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றன. திருட்டு, மோசடி, காணாமல்போன பிள்ளை, எதுவானாலும் போலீஸ் அந்தப் பண்ணைக்குத்தான் வரும். பத்து வருஷத்துக்கும் மேல் இந்தக் கூத்து. 2016இல் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவில் நகர்த்தி வைத்தார்கள். ஊர் எது என்பதில் இப்படித் தடுமாறினாலும், நாடு எது என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்கள். நம்மைப் பூட்ட அது போதும்.

எண் மட்டும்தானா? போனில் பார்த்தால் இன்னும் சில சாட்சிகள் உண்டு. இருப்பிடம் பார்க்கச் செயலிக்கு அனுமதி கொடுத்திருந்தால் ஜி.பி.எஸ். சொல்லிவிடும். சிம் அட்டைக்குள் இருக்கும் அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். பிரிட்டன் என்றால் 234 அல்லது 235. செயலிக் கடையில் உங்கள் கணக்கு எந்த நாட்டுக்கானது, பணம் கட்டிய அட்டை எந்த நாட்டு வங்கியுடையது என்பதும் உண்டு. எல்லாச் சேவைகளும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. உங்களைக் காட்டிக்கொடுப்பது இவற்றில் எது என்று கண்டுபிடிக்காமல் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இதை இன்னொரு தடவையும் சொல்வேன்.

செலவே இல்லாத வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். 2007 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய பி.பி.சி.யின் இணையத் தொலைக்காட்சிச் சேவையான ஐபிளேயர், பிரிட்டனுக்கு வெளியே நிகழ்ச்சிகளை ஓடவிடாது. ஆனால் அங்கே இருக்கும்போது செயலியில் இறக்கிவைத்ததை வெளிநாட்டில் பார்க்க அதுவே அனுமதிக்கிறது. கணக்கு எளிது: நொடிக்கு 2 மெகாபிட் தரம் என்றால் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 900 எம்.பி. இடம் வேண்டும். எங்கே சொதப்பும் என்றால், இறக்கியதற்கு ஆயுள் உண்டு. பல சேவைகளில் 30 நாள். சிலவற்றில் பார்க்கத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து 48 மணி நேரம்தான். விமானத்தில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைத்தால், அடுத்த வாரம் இருக்காது. பல செயலிகளில் கணக்கிலிருந்து வெளியேறினால் இறக்கியது அத்தனையும் அழிந்துபோகும். வெளிநாட்டில் பாஸ்வேர்டு தகராறு வந்தால் உடனே வெளியேறி உள்ளே வராதீர்கள். புறப்படும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு நிகழ்ச்சியை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடினால்தான் கணக்கு.

அடுத்து, எல்லாரும் சொல்லும் வி.பி.என். உங்கள் போனிலிருந்து சொந்த நாட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, அதாவது ஒரு சர்வர் வரைக்கும் ஒரு சுரங்கப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் வெளியே வரும்போது அந்த சர்வரின் எண்தான் தெரியும். பின் ஏன் ஓடுவதில்லை? காசு வாங்கும் வி.பி.என். சேவைகளின் எண்கள் பெரும்பாலும் தகவல் மையங்களுடையவை, அதாவது சர்வர்களை அடுக்கிவைத்திருக்கும் கட்டடங்களுடையவை. தகவல் மையத்தில் யார் உட்கார்ந்து தொடர் பார்க்கப்போகிறார்கள்? ஒரே எண்ணிலிருந்து ஆயிரம் பேர் நுழைந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். பி.பி.சி. 2015இலேயே இந்த எண்களைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் அறிவித்தது. அன்றிலிருந்து இது பூனை எலி ஆட்டம். இன்று ஓடுவது நாளை ஓடாது. அதனால் ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள்.

போடும் வரிசையும் முக்கியம். முதலில் தொலைக்காட்சிச் செயலியை முழுசாக மூடுங்கள், பின்னணியிலும் ஓடக்கூடாது. பிறகு வி.பி.என். போடுங்கள். பிரௌசரில் உங்கள் ஐ.பி. என்ன என்று பாருங்கள், நாடு மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் மட்டும் செயலியைத் திறங்கள். முதலில் செயலியைத் திறந்துவிட்டுப் பிறகு வி.பி.என். போட்டால், பழைய இருப்பிடத்தை அது நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். அப்போது செயலி சேமித்துவைத்திருக்கும் கேஷை அழித்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள். அப்படியும் ஓடவில்லையா, ஐ.பி.வி.6 என்ற புதிய வகை ஐ.பி. எண் கசிகிறதா பாருங்கள். பழைய வகை எண் சுரங்கத்தில் போகும், புதிய வகை எண் நேராக வெளியே போகும். செயலி புதியதைப் பார்த்துவிடும். இலவச வி.பி.என். பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் சில உங்கள் இணைப்பையே பிறருக்கு வாசலாக வாடகைக்கு விட்டிருக்கின்றன. யாரோ எவரோ செய்ததற்கெல்லாம் உங்கள் எண் பதில் சொல்லவேண்டி வரும்.

ஸ்மார்ட் டி.என்.எஸ். என்றும் ஒன்று உண்டு. சுரங்கம் கிடையாது, தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். வேலையைத் திருப்பி, இருப்பிடம் பார்க்கும் பகுதியை மட்டும் சொந்த நாட்டு சர்வர் வழியாக அனுப்புவது. வேகம் குறையாது, வி.பி.என். போட முடியாத டி.வி.யிலும் டி.என்.எஸ். எண்ணை மாற்றி எழுதினால் போதும். தங்குமிடத்து ஐ.பி. மாறும்போதெல்லாம் அந்தச் சேவையிடம் மறுபடி பதிவுசெய்ய வேண்டும், நேற்று ஓடியது இன்று ஓடாததற்குப் பாதிக் காரணம் இதுதான். டி.வி.யில் செருகும் க்ரோம்காஸ்ட் போன்றவை நீங்கள் எதை எழுதினாலும் கூகுளின் 8.8.8.8 எண்ணிடமே போய்க் கேட்கும். அதை ரவுட்டரில்தான் மறிக்க வேண்டும்.

இப்போது என் செல்லப்பிள்ளைக்கு வருகிறேன். ஊரான் சர்வரை எதற்கு நம்ப வேண்டும், உங்கள் வீட்டு இணைப்பையே வாசலாக்குங்கள். அது வீட்டு எண். தகவல் மையம் இல்லை, உங்களைத் தவிர அதில் யாரும் இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்துக்கு நீங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதாகவே தெரியும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் வயர்கார்டு அல்லது ஓப்பன் வி.பி.என். என்ற வி.பி.என். மென்பொருளின் சர்வர் உள்ளேயே இருக்கிறது. இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி போதும்.

நான்கு இடத்தில் சறுக்கும், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வீட்டில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது இங்கே உதவாது. வீட்டிலிருந்து வெளியே ஏறும் வேகம்தான், அப்லோடுதான் பேச்சு. எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும், வீட்டு அப்லோடு 10 இருந்தால் நிம்மதி. இறங்குவது 100, ஏறுவது 3 என்று இருக்கும் இணைப்பில் படம் மங்கலாகத்தான் வரும்.

இரண்டாவது, உங்களுக்குத் தனி ஐ.பி. இருக்கிறதா என்பது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வேன் ஐ.பி.' என்று ஓர் எண் இருக்கும். பிரௌசரில் 'என் ஐ.பி.' என்று தேடினால் ஓர் எண் வரும். இரண்டும் ஒன்றானால் நல்லது. ரவுட்டரில் இருப்பது 100.64இலிருந்து 100.127க்குள்ளோ, 10 என்றோ தொடங்கினால், ஒரே எண்ணைப் பல வீட்டுக்குப் பங்குபோட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து உங்கள் கதவைத் தட்ட முடியாது. இணைப்பு தருபவரிடம் தனி ஐ.பி. கேளுங்கள்; அல்லது டெய்ல்ஸ்கேல் போன்ற வி.பி.என். மென்பொருள் ஒன்றை வீட்டில் 'எக்ஸிட் நோடு' ஆக, அதாவது வெளியேறும் வாசலாக வையுங்கள், அது உள்ளிருந்தே வழியைத் திறந்துகொள்ளும். தனி எண் இருந்தாலும் அவ்வப்போது மாறும். அதற்கு, எண் மாறினாலும் வீட்டைக் கண்டுபிடித்துத் தரும் டைனமிக் டி.என்.எஸ். பெயர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வீட்டு நெட்வொர்க்கின் எண். வீட்டிலும் 192.168.1, ஓட்டலிலும் 192.168.1 என்றிருந்தால் எது வீடு எது ஓட்டல் என்று போன் குழம்பும். போவதற்கு முன் வீட்டு ரவுட்டரில் 192.168.77 என்பது போல யாரும் வைக்காத எண்ணாக மாற்றிவிடுங்கள்.

நான்காவது வயர்கார்டு அமைப்பில் 'அலௌடு ஐ.பி.' என்ற வரி. அதில் 0.0.0.0/0 என்றும், இரட்டைப்புள்ளி இரண்டு, சாய்கோடு, பூஜ்யம், அதாவது ::/0 என்றும் இருக்க வேண்டும். வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் வீட்டுப் பிரிண்டர் கிடைக்கும், தொடர் கிடைக்காது. இன்னொன்றும் பாருங்கள்: வயர்கார்டு 'இணைந்தது' என்று காட்டுவதை நம்பாதீர்கள். மறுமுனையில் யாருமே இல்லாவிட்டாலும் அப்படித்தான் காட்டும். 'கடைசி ஹேண்ட்ஷேக்', அதாவது இரு முனையும் கடைசியாகக் கைகுலுக்கியது, எத்தனை நொடிக்கு முன் என்று இருக்கும், அதைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் வயர்கார்டு நுழையும் கதவான 51820 யு.டி.பி. போர்ட்டை ரவுட்டர் திறக்கவில்லை, அல்லது ஓட்டல்காரர் யு.டி.பி.யை அடைத்திருக்கிறார். ஓட்டல் அடைத்திருந்தால் ஓப்பன் வி.பி.என்.னைப் போட்டு, சாதாரண இணையப் பக்கங்கள் போகும் டி.சி.பி. 443 கதவு வழியாக நுழையப் பார்க்கலாம். ஹேண்ட்ஷேக் இருக்கிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, படம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? எம்.டி.யு., அதாவது ஒரு தடவையில் அனுப்பும் பொட்டலத்தின் அளவு, 1420 என்றிருப்பதை 1280 ஆக்குங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு வீட்டைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் முதலுக்கே மோசம். வீட்டில் ஆள் இருந்தால் ரவுட்டர் பிளக்கின் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று காகிதம் ஒட்டுங்கள். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் தானாக எழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பிடுங்கிச் செருகிப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். ஓட்டல் டி.வி.யில் பார்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் பையில் இருக்கட்டும், லேப்டாப்பைச் செருகிவிடுங்கள். ஓட்டல் வைஃபையில் அறை எண் கேட்கும் பக்கம் வருமே, அதை வி.பி.என். போடாமல் முடித்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல், காசு கட்டும் சந்தாதாரர் வேறு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால் சொந்த நாட்டுப் பட்டியலையே தரவேண்டும் என்று விதி இருக்கிறது. இலவசச் சேவைகள் விரும்பினால் சேரலாம். 2020 முடிந்ததோடு பிரிட்டன் அதிலிருந்து விலகிவிட்டது. மற்ற இடங்களில், வி.பி.என். வழியாகப் பார்ப்பது பல சேவைகளின் நிபந்தனைக்கு மாறானது; கணக்கை முடக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சில நாடுகளில் வி.பி.என்.னுக்கே கட்டுப்பாடு இருக்கிறது. நீங்கள் போகும் நாட்டில் எப்படி என்று முன்கூட்டியே பாருங்கள்.

சொன்னேனே, எது காட்டிக்கொடுக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லி. எண்தான் காட்டிக்கொடுக்கிறது என்றால், சுரங்கம் சரியாக ஓடுகிறதா என்ற சோதனையை ஊரிலேயே, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள்; தனி ஐ.பி. கேட்டால் கிடைக்கச் சில நாள் ஆகலாம். போனில் வைஃபையை அணையுங்கள், மொபைல் டேட்டாவில் சுரங்கத்தைப் போடுங்கள். பிரௌசரில் வருவது வீட்டு எண்தானா பாருங்கள். பிறகு ஒரு நிகழ்ச்சியைப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். வீட்டு எண் வந்து, படமும் நிற்காமல் ஓடினால், பெட்டியைக் கட்டலாம். வணக்கம்.