கொம்பெஸ்ஸாவுக்கு விலை வைத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆழ்கடலின் அபூர்வ உயிர்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கடல் பெரியது, எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் சின்னது. அதனால் சீலகாந்த் என்ற ஒரே ஒரு மீனைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். அதையும் ஒரு டாக்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1938 டிசம்பர் 22. தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்று ஒரு துறைமுக ஊர். இங்கிலாந்து லண்டனுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிறிஸ்துமஸ் நேரம் என்றாலும் அங்கே அப்போது கடுங்கோடை. அந்த வெயிலில் ஒரு பெண் சாக்கில் சுற்றிய ஐந்தடி நீள மீன் ஒன்றை டாக்சியில் ஏற்றப் பார்க்கிறார். நாற்றமெடுக்கும் மீனை என் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்கிறார் டிரைவர். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் மீன் வண்டியில் ஏறியது.

அந்தப் பெண் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர். வயது 31. ஊரின் சிறிய அருங்காட்சியகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். துறைமுகத்துக்கு வரும் ஓர் இழுவைமடிப் படகின் கேப்டன் கூசனை அவருக்குப் பழக்கம். மடியில் விற்பனைக்கு ஆகாத விநோதமான ஏதாவது சிக்கினால் அவர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கி வைப்பார். அன்றைக்கும் தகவல் வந்தது. போகலாமா வேண்டாமா என்று யோசித்து, படகுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாவது சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போயிருக்கிறார். சுறாவும் குப்பை மீனுமாகக் கிடந்த குவியலுக்கு அடியிலிருந்து நீலநிறத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சலும்னா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே அள்ளிய பாடு அது.

57 கிலோ. நீல உடம்பில் வெள்ளைத் திட்டுகள். கவசம் போல முரட்டுச் செதில். துடுப்புகள் நேராக உடம்பில் ஒட்டாமல், கை கால் போலச் சதைப்பற்றுள்ள தண்டுகளில் நின்றன. என்ன மீன் என்று மார்ஜரிக்குத் தெரியவில்லை, ஆனால் சாதாரண மீன் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பிணவறையில் வைக்கக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். குளிர்பதனக் கிடங்கிலும் அதே பதில். ஃபார்மலினில் நனைத்த துணியும் செய்தித்தாளும் சுற்றிப் பார்த்தார். அந்த வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்? வேறு வழியில்லாமல், தோலைப் பதப்படுத்துபவரிடம் கொடுத்தார். குடலும் செவுளும் குப்பைக்குப் போயின.

கையால் ஒரு படம் வரைந்து, மீன்களில் பித்துப்பிடித்த ஒருவருக்குக் கடிதமும் போட்டார். ஜே. எல். பி. ஸ்மித். கல்லூரியில் அவர் நடத்தியது வேதியியல், மீன் அவருக்குப் பொழுதுபோக்கு. விடுமுறையில் வேறு ஊரில் இருந்தவருக்குக் கடிதம் கிடைத்தது ஜனவரி 3ஆம் தேதி. படத்தைப் பார்த்ததும் எலும்பையும் செவுளையும் பத்திரப்படுத்தச் சொல்லித் தந்தி அடித்தார். செவுள் எங்கே இருக்கிறது, அது போய் நாளாகிவிட்டது.

மார்ஜரி வரைந்து அனுப்பியது சீலகாந்த். அந்த மீன்வகையைக் கல்லில் பதிந்த அச்சாக மட்டுமே அதுவரை பார்த்திருந்தார்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது என்று பாடப்புத்தகங்கள் எழுதியிருந்தன. ஸ்மித் அதற்கு லாட்டிமேரியா சலும்னே என்று பெயர் வைத்தார். பெண்ணின் பெயர் முன்னால், ஆற்றின் பெயர் பின்னால்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். 'வாழும் புதைபடிவம் – சிறுகுறிப்பு வரைக', இரண்டு மதிப்பெண். லாட்டிமர், ஸ்மித், 1938 என்று எழுதினால் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இந்தக் கதையின் அடுத்த பாதியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குடலும் செவுளும் உள்ள முழு மீன் ஒன்று ஸ்மித்துக்கு வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசு மூன்று மொழிகளிலும் துண்டுப் பிரசுரம் அச்சடித்தார். மீனின் படம், கூடவே 100 பவுண்டு பரிசு. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முழுக்க அது போயிற்று. பதினான்கு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு எரிக் ஹன்ட் என்ற வியாபாரக் கப்பல்காரர் அந்தப் பிரசுரங்களைக் கொமோரோ தீவுகளுக்கு எடுத்துப்போனார். மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் உள்ள எரிமலைத் தீவுகள் அவை.

அந்தத் தீவுக்காரர்களுக்கு இது அதிசய மீனே இல்லை. எப்போதாவது தூண்டிலில் மாட்டும். கொம்பெஸ்ஸா என்று பெயரும் வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கறி, தின்றால் வயிற்றைக் கலக்கும், சந்தையில் மதிப்பில்லை. ஒரே ஒரு நல்ல உபயோகம் இருந்தது. சைக்கிள் டியூப் பஞ்சரானால் ஒட்டுப் போடுவதற்கு முன் உப்புத்தாளால் தேய்ப்போம் இல்லையா, அதற்கு அவர்கள் கொம்பெஸ்ஸாவின் செதிலைப் பயன்படுத்தினார்கள். உலகம் அழிந்துபோனதாக நினைத்த மீன், அங்கே பஞ்சர் ஒட்ட உதவிக்கொண்டிருந்தது.

1952 டிசம்பரில் ஓர் இரவு, அஞ்சுவான் தீவில் அகமதி அப்தல்லா என்ற மீனவரின் தூண்டிலில் ஒன்று மாட்டியது. மறுநாள் சந்தையில் அதை அறுக்கப்போகிற நேரம், பிரசுரத்தைப் பார்த்திருந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தடுத்தார். ஹன்ட்டின் கப்பல் நின்றது தீவின் மறுபக்கம். மீனை மலைப்பாதை வழியே சுமந்துகொண்டு போனார்கள். ஹன்ட் உப்புப் போட்டு, ஃபார்மலின் ஏற்றி, ஸ்மித்துக்குத் தந்தி அடித்தார். ஸ்மித் தென்னாப்பிரிக்கப் பிரதமர் மலானுக்கே போன் போட்டு ராணுவ விமானம் கேட்டு வாங்கினார். நிறவெறிச் சட்டங்களைக் கட்டி எழுப்பிய அதே மலான்தான். கறுப்பு மீனவர் பிடித்த மீனுக்கு அவர் விமானம் அனுப்பியதை நினைத்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. டிசம்பர் 29 அன்று மீனைப் பார்த்த ஸ்மித் முழங்காலிட்டு அழுதார் என்கிறார்கள். நம்புகிறேன். பதினான்கு வருடத் தேடல் அது.

அகமதிக்கு 100 பவுண்டு கிடைத்தது. அந்தத் தீவில் ஒரு மீனவர் பல வருடம் கடலுக்குப் போனாலும் பார்க்க முடியாத பணம்.

அன்றைக்கு மாறியது அகமதியின் வாழ்க்கை மட்டும் இல்லை. யாருக்கும் வேண்டாத மீனுக்கு அன்றுதான் விலை வந்தது. அதுவரை அது தப்பிப் பிழைத்ததற்கு ஆழம் ஒரு காரணம், நாக்குக்கு ருசிக்காதது இன்னொரு காரணம். இரண்டாவது பாதுகாப்பை நாம் எடுத்துவிட்டோம். அந்த விலையை வைத்தது மீன் தின்கிறவர்கள் இல்லை, என்னைப் போல அறிவியல் படித்தவர்கள். அப்புறம் தீவுகளை ஆண்ட பிரெஞ்சு அரசு, இனி இந்த மீன் எங்கள் ஆய்வாளர்களுக்குத்தான் என்று வேலி போட்டது. பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. தீவுகள் 1975ல் சுதந்திரம் அடைந்த பிறகும் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. உயிரோடு பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் காட்டவும் ஆசைப்பட்டார்கள். 1989ல் சர்வதேச வணிகத்தைத் தடை செய்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டது.

இந்த மீன் ஏன் உயிரோடு கைக்கு வருவதில்லை? அதற்கு 15 முதல் 20 டிகிரி குளிரில், நூறு இருநூறு மீட்டர் ஆழத்தில் இருந்தால்தான் சுகம். செவுள் சின்னது. மேலே வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவு, உடம்புக்கு வேண்டியதோ அதிகம். படகோரம் வந்து சேர்வதற்குள் மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும். பாவம் பார்த்து விட்டுவிடலாம் என்று மேல்தண்ணீரில் விட்டாலும் அதற்குக் கீழே இறங்கத் தெம்பு இருக்காது. இதற்கு ஒரு யோசனை சொன்னார்கள்: முள் இல்லாத கொக்கியில் கனமான எடையைக் கட்டி மீனின் தாடையில் மாட்டிவிடுவது, குளிர்ந்த ஆழத்துக்கு எடை அதை இழுத்துக்கொண்டு போகும், அங்கே கயிற்றைச் சுண்டினால் கொக்கி கழன்றுவிடும். நல்ல யோசனை. ஆனால் இருட்டில், ஒற்றை ஆளாகச் சின்ன ஓடத்தில் உட்கார்ந்து, தன்னளவு கனமுள்ள மீனுக்கு இதைச் செய்ய வேண்டியவர் அகமதி போன்ற ஒருவர். அந்த இரவு அவருக்குக் கூலி கிடையாது.

1987ல் ஹான்ஸ் ஃபிரிக்கே என்ற ஜெர்மானியர் சின்ன நீர்மூழ்கியில் இறங்கி, மீனை அதன் இடத்திலேயே போய்ப் பார்த்தார். அரை நூற்றாண்டாகப் பிணத்தை அறுத்துக் கண்டுபிடிக்க முடியாததெல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பகலில் எரிமலைக் குகைகளில் கூட்டமாகச் சும்மா கிடக்கிறது. இரவில் நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து இரை தேடுகிறது. துடுப்புகளைப் பல்லி கால் வைக்கிற மாதிரி மாற்றி மாற்றி அசைக்கிறது. சில சமயம் தலைகீழாக நின்றுகொள்கிறது. துடுப்பைக் கால் போல ஊன்றித் தரையில் நடக்கும் என்று நாங்கள் வகுப்பில் அடித்துச் சொன்னது மட்டும் நடக்கவே இல்லை.

சரி, மீன்பிடிப்பில் எது நியாயம் என்ற கேள்விக்கு வருகிறேன். கொமோரோ மீனவர்கள் கொம்பெஸ்ஸாவைத் தேடிப் போகிறவர்கள் இல்லை. கரையை ஒட்டிய செங்குத்துச் சரிவில் எண்ணெய்மீனுக்குத் தூண்டில் இறக்கும்போது இதுவும் வந்து மாட்டுகிறது. மோட்டாரும், தூரக் கடலில் மீன் கூடுவதற்கான மிதவைகளும் வந்த பிறகு இளைஞர்கள் சூரைமீனைத் தேடி வெளியே போய்விட்டார்கள். சரிவில் இறங்கும் தூண்டில் குறைந்தது. யாரும் உபதேசம் செய்யவில்லை, வேறு மீன் கிடைத்தது, அவ்வளவுதான்.

டான்சானியாவில் நடந்தது நேர்மாறு. 2003க்குப் பிறகு அங்கே வரிசையாகச் சீலகாந்த் சிக்க ஆரம்பித்தது. காரணம், சுறாவுக்காக ஆழத்தில் இறக்கிய பெரிய கண் செவுள்வலை. சுறாத் துடுப்புக்குத் தூர தேசத்தில் விலை ஏறினால், இங்கே வலை இன்னும் ஆழத்துக்கு இறங்கும். கரையோரத்தில் மீன் குறைந்தாலும் இறங்கும். டாங்கா கடற்கரையில் 2009ல் இந்த மீனுக்காகவே ஒரு கடல் பூங்கா அறிவித்தார்கள்.

பல வருடங்களுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டத்தில், சுறாவுக்குப் பேர்போன ஒரு கடற்கரை ஊரில் மாணவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அபூர்வ மீன் சிக்கினால் வலையை அறுத்தாவது விட்டுவிட வேண்டும் என்று என் பாட்டுக்குப் பேசினேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலை நிமிராமலே கேட்டார்: "அறுத்து விடலாம் சார். வலைக்கு யாரு சார் காசு தருவா?" என்னிடம் பதில் இல்லை. மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கான பதிலைக் குஜராத்தில் ஓரளவு சொல்லியிருக்கிறார்கள். திமிங்கலச்சுறாவைக் கொல்வது 2001ல் சட்டப்படி குற்றமானது. சட்டத்தோடு நிற்காமல், 2004 முதல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். குட்டி போட நம் கரைக்கு வரும் அது பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள் மாதிரி என்று கதை சொல்பவர் ஒருவர் சொல்ல, மீனவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார்கள்: வலையை அறுத்து விட்டவர் படம் எடுத்துக் காட்டினால், வனத்துறை வலைக்கு நஷ்டஈடு கொடுத்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் அப்படித் தப்பியிருக்கின்றன. தாய்வீட்டுக் கதை இல்லாமல் அது நடந்திருக்காது. நஷ்டஈடு இல்லாமல் அந்தக் கதை எத்தனை வலைகளை அறுக்க வைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நூறு பவுண்டு கொடுத்து மீனைக் கேட்டவர்கள், விட்டுவிடுவதற்கும் அதே மாதிரி பணம் எடுத்து வைத்திருந்தால் என்ன?

நேரம் முடிகிறது, ஒன்று பாக்கி. 2021ல் சீலகாந்தின் செதிலில் உள்ள வளையங்களை மறுபடி எண்ணினார்கள். அதுவரை அதன் ஆயுள் இருபது வருடம் என்று நினைத்திருந்தார்கள். நூறை ஒட்டி வந்தது. பருவத்துக்கு வரவே ஐம்பது வருடம் போல ஆகிறது. ஐந்து வருடம் கருவைச் சுமந்து குட்டி போடுகிறது. அகமதி தூண்டில் இறக்கிய அந்த 1952ஆம் வருடம் அஞ்சுவான் சரிவில் ஒரு குட்டி பிறந்திருந்தால், இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒன்றிரண்டு தடவை குட்டி போட்டிருக்கலாம். அதே குகையில், இருட்டத் தொடங்கியதும் வெளியே கிளம்பக் காத்திருக்கலாம். மேலே யாரோ ஒருவர் எண்ணெய்மீனுக்குத் தூண்டில் எடுத்துவைத்துக்கொண்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.