நிபந்தனையோடு வந்த இடம்

வணக்கம் நேயர்களே. இங்கே பேச அழைத்த வானொலி நண்பர்களுக்கு என் நன்றி.

லண்டனில் வயது வந்தோருக்கான ஆக்சஸ் வகுப்புகளில் கற்பிக்கிறேன். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், எல்லோரும் படுத்த பிறகு தங்கள் கட்டுரை என்று ஓடுகிற அக்காமாரும் தங்கச்சிமாரும்தான் அந்த வகுப்புகளில் அதிகம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அவர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் பதில் வரத் தொடங்கும். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளுகிற யூகாஸ் அமைப்பின் இணையப் பக்கத்தைத் திறந்தால் 'கண்டிஷனல்' என்று இருக்கும். உடனே முகம் வாடிவிடும். "சேர், இன்னும் எடுக்கவில்லையாம், நிபந்தனை போட்டிருக்கிறார்கள்" என்பார்கள்.

அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். "உங்களுக்கு இடம் தருகிறோம், இன்னின்னதை முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுத்த வாக்கு அது. கேட்டதை நீங்கள் முடித்துவிட்டால் அவர்கள் பின்வாங்க முடியாது. அதனால், என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை ஒரு சொல் விடாமல் படிக்க வேண்டும்.

ஆக்சஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஓரிரு வார்த்தை. பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆனவர்கள், உயர்தரம் எடுக்காதவர்கள் பல்கலைக்கழகம் போவதற்கான பாதை இது. 1978ல் பிரித்தானியக் கல்வித் திணைக்களம் 7 உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளிடம் இப்படியான வகுப்புகளைத் தொடங்கச் சொன்னதிலிருந்து இது வளர்ந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு. படிப்பின் அளவைக் கிரெடிட் என்று கணக்கிடுவார்கள், மொத்தம் 60 கிரெடிட். அதில் 45 கிரெடிட் லெவல் 3ல், அதாவது உயர்தரத்துக்கு நிகரான மட்டத்தில், பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடப்படும். மற்ற 15க்குத் தரம் கிடையாது, தேறினால் போதும். முழு டிப்ளோமாவுக்கும் சேர்த்து ஒரே தரம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பாட அலகின் தரமும் தனித்தனியாகத்தான் நிற்கும். நிபந்தனையைப் படிக்கும்போது குழப்பம் வருவதே இதனால்தான்.

நிபந்தனை ஏன் வருகிறது? வகுப்பு செப்டெம்பரில் தொடங்குகிறது. யூகாஸ் விண்ணப்பமோ ஜனவரிக்குள் போக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் கையில் இரண்டு மூன்று அலகுகளின் முடிவுதான் இருக்கும். மீதியை உங்கள் ஆசிரியர் எதிர்பார்ப்பாக எழுதி அனுப்புகிறார். படிப்பே முடியாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் வேறு எப்படி இடம் தரும்? உயர்தர வகுப்பில் படிக்கும் 18 வயதுப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரிதான் வருகிறது. உங்கள் வயதையோ ஆங்கிலத்தையோ பார்த்துச் சந்தேகப்பட்டுப் போட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சரி, ஒரு நிபந்தனையை எடுத்துப் பார்ப்போம். தாதியர் பட்டப்படிப்புக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'ஆக்சஸ் டிப்ளோமா தேற வேண்டும், லெவல் 3ல் 45 கிரெடிட், அதில் 15 டிஸ்டிங்ஷன், 30 மெரிட்.' உங்களுக்கு இதுவரை 24 கிரெடிட்டுக்குத் தரம் வந்திருக்கிறது, 9 டிஸ்டிங்ஷன், 15 மெரிட். அப்படியானால் மீதி 21 கிரெடிட்டில் 6 டிஸ்டிங்ஷனும் 15 மெரிட்டும் போதும். 6 கிரெடிட் என்பது தலா மூன்று கிரெடிட் கொண்ட இரண்டு அலகுகள். மலை மாதிரித் தெரிந்தது இப்போது இரண்டு அலகாகச் சுருங்கிவிட்டது, பாருங்கள். எந்த இரண்டு என்று ஆசிரியரோடு உட்கார்ந்து தீர்மானிக்கலாம், அந்தக் கட்டுரைகளுக்கு வேலையிடத்தில் முன்கூட்டியே லீவு கேட்கலாம்.

இதிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டாகக் கேட்கும், சில யூகாஸ் புள்ளியாக, அதாவது தரங்களை எண்ணாக மாற்றிக் கூட்டிய கணக்காகக் கேட்கும். 45 கிரெடிட்டும் டிஸ்டிங்ஷன் என்றால் 144 புள்ளி, எல்லாமே மெரிட் என்றால் 96, எல்லாமே பாஸ் என்றால் 48. நான் சொன்ன 15 டிஸ்டிங்ஷன், 30 மெரிட்டுக்கு 112 புள்ளி வரும். ஒருவர் 24 டிஸ்டிங்ஷன், 18 மெரிட், 3 பாஸ் எடுக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு 118 வருகிறது. 112 புள்ளி கேட்ட இடத்தில் அவர் தாராளமாக உள்ளே. ஆனால் '15 டிஸ்டிங்ஷன், 30 மெரிட்' என்று கிரெடிட்டாகக் கேட்ட இடத்தில், கண்டிப்பாகப் பார்த்தால், அந்த ஒரு பாஸ் அவரைத் தடுக்கும். 45ல் ஒன்றுகூட மெரிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் அந்த வரியின் பொருள். புள்ளி கூட இருக்கிறதே என்று நம்பி ஓர் அலகைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பாடத்தின் பெயரும் சில சமயம் வரும். 'உயிரியலில் 15 கிரெடிட்' என்ற மாதிரி. அப்போது டிஸ்டிங்ஷன்களை உளவியலில் குவித்துப் பயனில்லை. உங்கள் கல்லூரி தருகிற அலகுகளில் அத்தனை கிரெடிட் அந்தப் பாடத்தில் இருக்கிறதா என்று கடிதம் வந்த வாரத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் ஆட்களை அதிகம் வாட்டுவது டிப்ளோமா இல்லை, ஜிசிஎஸ்இ நிபந்தனை, அதாவது இங்கே பள்ளிப் பிள்ளைகள் 16 வயதளவில் எழுதுகிற பரீட்சை. தாதியர், சமூகப்பணி, ஆசிரியர் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆங்கிலமும் கணிதமும் பொதுவாகக் கேட்கிறார்கள், தரம் 4, பழைய முறையில் சி. இலங்கையில் எடுத்த சாதாரண தரச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். அதை ஏற்பதா இல்லையா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. சில இடங்களில், வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடுகிற யூகே எனிக் நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். சில இடங்களில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்கிற நடைமுறை ஆங்கில, கணிதத் தேர்வு போதும். ஊரில் கேள்விப்பட்டதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பி, ஏற்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஜிசிஎஸ்இயை மறுபடி எழுத வேண்டுமென்றால் காலத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நவம்பரில் ஒரு மறுதேர்வு உண்டு, முடிவு ஜனவரியில் வந்துவிடும். பெயர் கொடுப்பதற்கான காலம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கோடையில் எழுதினால் முடிவு ஓகஸ்ட் கடைசியில்தான், உயர்தர முடிவுகளுக்கும் ஒரு வாரம் பின்னால். யூகாஸ் கணக்கில் நிபந்தனைகளை ஓகஸ்ட் 31க்குள் நிறைவேற்ற வேண்டும். ஆகவே கோடையில் எழுதுகிறவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்பே அறிவித்து வையுங்கள். என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் நவம்பரிலேயே எழுதிவிடுங்கள். மே மாதத்தில் டிப்ளோமாவின் கடைசிக் கட்டுரைகளும் கணிதப் பரீட்சையும் ஒன்றாக வந்து விழும்போது நல்ல மாணவர்களே தடுமாறிப் போகிறார்கள்.

மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குப் படிப்போடு சம்பந்தமில்லாத நிபந்தனைகளும் உண்டு. டிபிஎஸ் என்கிற குற்றப்பதிவுச் சோதனை ஒன்று. அண்மையில் வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றும் கேட்கக்கூடும். அப்புறம் உடல்நலச் சோதனை, தடுப்பூசி விபரம். இலங்கையில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். ஜூலை வரை காத்திராமல் இப்போதே ஜிபியிடம் பேசிவிடுங்கள்.

ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்து மூன்று நான்கு வாக்குகள் கையில் இருக்கும்போது, ஒன்றை முதல் தெரிவாகவும் ஒன்றை இன்சூரன்ஸ் தெரிவாகவும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். இன்சூரன்சில் முதல் தெரிவைவிடக் குறைவாகக் கேட்கிற இடத்தை வையுங்கள். இரண்டிலும் ஒரே நிபந்தனை என்றால் ஒன்று தவறும்போது மற்றதும் தவறிவிடும். பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்று வீட்டில் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு வார்ட்டில் நிற்க வேண்டிய ஒரு தாய்க்கு பஸ் தூரம் அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. பதிலளிக்கும் கடைசித் தேதி யூகாஸ் பக்கத்தில் இருக்கும். அதைத் தவறவிட்டால் வந்த வாக்குகள் எல்லாம் தானாகவே நிராகரிக்கப்பட்டதாகிவிடும்.

ஆக்சஸ் முடிவுகள் பொதுவாக ஜூலையில் கைக்கு வரும். பல்கலைக்கழகத்துக்கு அதை அனுப்புவது யார், கல்லூரியா நீங்களா என்று வகுப்பு முடியும் முன் கேட்டு வையுங்கள். நீங்களும் ஒரு பிரதி அனுப்பி விடுங்கள். ஓரிரு கிரெடிட் தவறியிருந்தால் அன்றைக்கே அனுமதிப் பிரிவைக் கூப்பிடுங்கள். இடம் இருந்தால் விட்டுக்கொடுத்து எடுப்பதும் உண்டு, வேறு பாடநெறியில் இடம் தருவதும் உண்டு. இல்லையென்றாலும், மீந்திருக்கிற இடங்களை நிரப்புகிற கிளியரிங் ஜூலை முதல் வாரத்திலேயே திறந்துவிடுகிறது. உயர்தரப் பிள்ளைகள் ஓகஸ்டில் வரும் முன் அங்கே பேசக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

கடைசியாகப் பணம். ஸ்டுடன்ட் ஃபைனான்ஸ் என்கிற அரசின் மாணவர் கடனுதவிக்கு விண்ணப்பிக்க நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் தெரிவை வைத்து இப்போதே விண்ணப்பியுங்கள், பல்கலைக்கழகம் மாறினால் பிறகு மாற்றலாம். ஆக்சஸ் படிப்புக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுத்தவர்கள் கடனை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் படிப்பைத் தொடர்ந்து தகுதியுள்ள ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டால் அந்த லோனின் மீதி தள்ளுபடி ஆகிவிடும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களும் ஸ்டுடன்ட் ஃபைனான்சுக்கு விண்ணப்பிக்கலாம். அடைக்கல வழக்கு இன்னும் முடியாதவர்களின் நிலை வேறு. ஆனால் அவர்களுக்கென்று அடைக்கலப் புலமைப்பரிசில் தருகிற பல்கலைக்கழகங்கள் பிரித்தானியாவில் பல உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி, அது வசந்த காலத்திலேயே முடிந்துவிடக்கூடும். அப்படி யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கே உங்கள் கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் போய்க் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.