வடிதாளுக்கு விடை கொடுத்த காந்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறு வயதில் காந்தத்தை மணலுக்குள் இழுத்து விளையாடாதவர்கள் குறைவு. வெளியே எடுத்தால் முனைகளில் இரும்புத்தூள் கறுப்பு மயிராகச் சிலிர்த்து நிற்கும்; மணலோ அப்படியே தரையில் கிடக்கும். சல்லடையும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஆனாலும் பிரித்துவிட்டோம். அந்த விளையாட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் பல ஆண்டுகளாகச் சுற்றிச்சுற்றி வருவது அதைத்தான்: துளைகள் நிறைந்த பொருளுக்குக் காந்தத்தன்மை ஊட்டி, வேலை முடிந்ததும் காந்தத்தால் திரும்ப எடுப்பது.

தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரியை எடுத்துக்கொள்வோம். அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நல்ல கரி ஒரு கிராமில் அந்தத் துளைச் சுவர்களின் பரப்பு ஏறக்குறைய 1000 சதுர மீட்டர். ஆமாம், ஒரே கிராமில். சாயமும் நாற்றமும் அந்தச் சுவர்களில்தான் போய் ஒட்டிக்கொள்கின்றன. பொடி நுண்மையாக இருந்தால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் நுண்மையான பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுப்பது பெரும்பாடு.

அதை நான் மாணவனாக இருந்தபோது அனுபவித்திருக்கிறேன். நீலச் சாயம் கலந்த நீரில் கரிப்பொடியைப் போட்டுக் குலுக்கினேன். சிறிது நேரத்தில் சாயம் போய்விட்டது. மகிழ்ச்சியோடு வடிதாளில் ஊற்றினேன். தாள் அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு, நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. மறுநாள் காலையிலும் புனலில் பாதி நீர் நின்றது. கீழே இறங்கியிருந்ததும் சாம்பல் நிறம். மூன்று நாள் இதே கதை. பக்கத்து மேசையில் ஆய்வு செய்துகொண்டிருந்த அண்ணன் ஒரு குப்பியை நீட்டினார். அதுவும் கரிதான். ஆனால் இருவகை இரும்பு உப்புகளைச் சேர்த்து, அம்மோனியா ஊற்றி, கரியின்மேலும் துளைகளுக்குள்ளும் மேக்னடைட் என்னும் காந்தத்தன்மை கொண்ட இரும்பு ஆக்சைடு படியச் செய்திருந்தார். சாயநீரில் போட்டுக் குலுக்கி, குப்பியின் வெளிப்பக்கம் காந்தத்தை வைத்தேன். கறுப்பு முழுவதும் சுவரோடு போய் ஒட்டியது. நடுவில் தெளிந்த நீர். காந்தத்தை விடாமல் பிடித்தபடி நீரை ஊற்றினேன், கரி குப்பியிலேயே நின்றது. அன்று அதை எத்தனை முறை செய்து பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மேக்னடைட் துகள் 20 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிறியதாக இருந்தால், அருகில் காந்தம் இருக்கும்வரைதான் அது காந்தம், விலக்கியதும் மறந்துவிடும். அதனால்தான் பொடி கட்டியாகாமல் மறுபடியும் நீரில் பரவுகிறது.

சில இடங்களில் காந்தத்தன்மையை மறக்காமல் இருப்பதே பயன். ஆஸ்திரேலியாவில் இலை மக்கிப் பழுப்பேறிய நீரைத் தெளிவாக்க, இரும்பு ஆக்சைடு பொதிந்த அயனிப் பரிமாற்ற ரெசின் மணிகளை, அதாவது நீரிலுள்ள மாசைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு உப்பின் அயனியை விடும் பிசின் மணிகளை, உருவாக்கினார்கள். 2001இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பிளசண்டில் அது குடிநீர் நிலையத்துக்கு வந்தது. அந்த மணிகள் தாமே மெல்லிய காந்தங்கள். கலக்குவதை நிறுத்தினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வேகமாக அடியில் இறங்கிவிடும். உப்புநீரில் கழுவினால் மீண்டும் வேலைக்குத் தயார்.

கொரோனாப் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். மூக்கில் எடுத்த மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கப் பல ஆய்வகங்களில் உழைத்தவை மணலின் மூலப்பொருளான சிலிக்கா பூசிய காந்த மணிகள்தான். அங்கும் நடந்தது அதே மணல் விளையாட்டு.

தொழிற்சாலையில் பல்லேடியம் உலோகம் போன்ற, வினையை விரைவுபடுத்தும் விலையுயர்ந்த வினையூக்கியை இப்படிக் காந்தத் துளைப்பொருளில் ஏற்றினால், வினை முடிந்ததும் இழக்காமல் மீட்கலாம். ஆனால் அமிலம் மேக்னடைட்டைக் கரைத்துவிடும். சிலிக்கா உறை போட்டுத்தான் காக்க வேண்டும். இரும்பு கூடக்கூடத் துளைக்கான இடமும் குறையும். ஆய்வகத்தின் தூய நீரில் இப்படிப்பட்ட பொருள் ஐந்து முறை பயன்பட்டது என்று காட்டினால் எனக்கு மனம் நிறைவதில்லை. சேறும் எண்ணெயும் கலந்த உண்மையான கழிவுநீரில் அது நிற்க வேண்டும்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. 2025இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த உலோக–கரிமச் சட்டகங்களைப் பற்றி, அதாவது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய துளைப் படிகங்களைப் பற்றி, விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அவற்றிலும் காந்தத் துகளைச் சேர்க்கிறார்கள். மாறி மாறித் திரும்பும் காந்தப் புலத்தில் வைத்தால் துகள்கள் உள்ளிருந்தே சூடேறி, பிடித்து வைத்த வாயுவை வெளியே விடும். நன்றி, வணக்கம்.