வானம் தெளிவா இருக்கும்போதே விமானம் ஏன் குலுங்குது?

வணக்கம் மக்களே! ஜன்னலுக்கு வெளிய பார்த்தா மேகமே இல்ல, வெறும் நீல வானம், ஆனா விமானம் திடீர்னு தூக்கிப் போடுது. இது எப்படி நடக்குது, இதைத் தவிர்க்க பிளைட் கிளம்புறதுக்கு முன்னாடியே என்ன பண்றாங்கன்னு இன்னைக்கு பார்ப்போம்.

(திரையில்: ஜெட் ஸ்ட்ரீம் வரைபடம்)

தரைக்கு மேல 9லேருந்து 12 கிலோமீட்டர் உயரத்துல, மேற்கேருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஓடுது. துருவப் பக்கத்து குளிர்காத்துக்கும் வெப்பமண்டல சூடான காத்துக்கும் இருக்கற வெப்ப வித்தியாசம்தான் அதை ஓட்டுது, அதனால குளிர்காலத்துல வேகம் கூடி சில சமயம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டிடும். 2020 பிப்ரவரில நியூயார்க்லேருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 5 மணி நேரத்துக்குள்ளயே போய் சேர்ந்துச்சு, எல்லாம் இந்தக் காத்து தள்ளினதுதான்.

அதனால டிஸ்பேட்சர், அதாவது தரையில இருந்து விமானப் பயணத்தைத் திட்டமிடறவர், ரூட் போடும்போது தூரத்தை மட்டும் பார்க்க மாட்டாரு. லண்டன்லயும் வாஷிங்டன்லயும் இருக்கற உலக வானிலை முன்னறிவிப்பு மையங்கள் ஒவ்வொரு உயரத்துக்கும் காத்து, வெப்பநிலை எல்லாம் கணிச்சுத் தர்றாங்க, அதை வச்சு கிழக்கே போறவங்க காத்தோட போவாங்க, மேற்கே போறவங்க சுத்திப் போனாலும் பரவால்லன்னு விலகிப் போவாங்க.

சிக்கல் எங்கன்னா, அந்தக் காத்தோட ஓரத்துல. ஆத்துல வேகமா ஓடற தண்ணியும் மெதுவா ஓடற தண்ணியும் உரசற இடத்துல சுழல் வருமே, அதே மாதிரி மேலயும் சுழல் உண்டாகுது. விமானத்துல இருக்கற வெதர் ரேடார் மழைத்துளியைத்தான் பார்க்கும், தெளிவான காத்துல எதிரொலிக்க ஒண்ணுமே இல்ல, அதனால இதை அது காட்டாது. உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பெல்ட் போட்டுக்கங்கன்னு சொல்றது இதனாலதான்!

அப்போ பைலட் எதை நம்புவாரு? கம்ப்யூட்டர் கணிப்பு, கடுமையான குலுக்கல் இருந்தா வர்ற சிக்மெட் எச்சரிக்கை, அப்புறம் முன்னாடி போன விமானம் சொல்ற தகவல். என்னைக் கேட்டா கடைசியா சொன்னதுக்குதான் மதிப்பு அதிகம், ஏன்னா அது கணிப்பு இல்ல, அங்கயே பட்டது.

குலுங்கற அடுக்கு பெரும்பாலும் மெல்லிசாதான் இருக்கும், 2000 இல்லன்னா 4000 அடி ஏறினாலோ இறங்கினாலோ தப்பிச்சுடலாம். ஆனா எரிபொருள் நிறைய இருந்து விமானம் கனமா இருக்கும்போது நினைச்ச உயரத்துக்கு ஏற முடியாது, கீழ இறங்கினா காத்து அடர்த்தி கூடி எரிபொருள் அதிகம் செலவாகும், அதுக்குன்னுதான் கிளம்பும்போதே கூடுதலா நிரப்பிக்கிறாங்க.